மேகத்தை மாட்டும் ஆணி

லினக்ஸ் கணினியில் கோப்பு மேலாளரைத் திறந்தால் இரண்டு கோப்புறைகள் அடுத்தடுத்துத் தெரிகின்றன. ஒன்றில் உள்ளவை மடிக்கணினிக்குள்ளேயே, விரலகலச் சில்லு ஒன்றில் இருக்கின்றன. மற்றதில் உள்ளவை மும்பையிலோ சிங்கப்பூரிலோ ஏதோ ஒரு நிறுவனத்தின் தரவு மையத்தில் கிடக்கின்றன. படம் ஒன்றே, பெயர் எழுதும் விதமும் சொடுக்கும் விதமும் ஒன்றே. தொலைவில் இருப்பதை வீட்டுப் பொருள்போலக் காட்டும் இந்த வேலைக்கு மவுண்ட் என்று பெயர். கணினி எழும்போது யாரும் சொல்லாமலே அது நடந்துவிட்டால் தானியங்கி மவுண்ட். அதை எப்படிச் செய்வது என்று சொல்லும் வழிகாட்டிகளுக்குப் பஞ்சமில்லை. நான்கைந்து வரிகளை உரிய கோப்பில் எழுதினால் போதும், பெரும்பாலும் வேலையும் செய்துவிடும். இந்த அத்தியாயம் வேறொன்றைக் கேட்கிறது. அந்த இரண்டு கோப்புறைகளும் ஒன்றுபோல் தெரிவது எந்த அளவுக்கு மெய்? அந்த ஒற்றுமை கலையும்போது அது யார் கண்ணில் பட வேண்டும்? மாட்டுவதைத் தானாக்குவது எளிது. மாட்டியது கழன்றுவிட்டால் அதுவும் தானாகவே தெரியவர வேண்டும்; அதைச் செய்யாத ஏற்பாடு பாதி வேலைதான் என்பது என் வாதம்.

மவுண்ட் என்பது முதலில் உடம்பு வளைத்துச் செய்த வேலையின் பெயர். 1969இல் பெல் ஆய்வகத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் தொடங்கிய யூனிக்ஸ், அடுத்த சில ஆண்டுகளில் பிடிபி-11 கணினிகளில் ஓடியது. அவற்றோடு இணைந்த டிஸ்குகளில் சில, கழற்றி மாட்டக்கூடிய தட்டுகள். ஒரு தட்டில் சுமார் 2.5 மெகாபைட் கொள்ளும்; இன்றைய கைபேசியில் எடுத்த ஒரு படமே அதை நிறைத்துவிடும். ஒருவர் எழுந்துபோய்த் தட்டை இயந்திரத்தில் செருகி, திரும்பிவந்து, “மாட்டியாயிற்று, இதை இந்தக் கோப்புறையின் இடத்தில் காட்டு” என்று கணினியிடம் சொல்ல வேண்டும். 1971 நவம்பரில் வெளிவந்த முதல் யூனிக்ஸ் கையேட்டிலேயே அந்தக் கட்டளை இருக்கிறது. தாம்சனும் ரிட்சியும் 1974இல் எழுதிய கட்டுரை, மாட்டியபின் அந்தத் தட்டிலுள்ள கோப்புக்கும் நிலையான டிஸ்கிலுள்ள கோப்புக்கும் அநேகமாக வேறுபாடே இல்லை என்கிறது. ஒரு விலக்கை மட்டும் நேர்மையாகச் சொல்லிவைக்கிறது: ஒரு டிஸ்கில் உள்ள கோப்புக்கு இன்னொரு டிஸ்கிலிருந்து இரண்டாவது பெயர் சூட்ட முடியாது, ஏனென்றால் தட்டைக் கழற்றியபின் அந்தப் பெயர் அந்தரத்தில் நிற்கும். ஆக, ‘அநேகமாக’ என்ற சொல் இந்தக் கதையில் முதல் நாளிலிருந்தே உண்டு. அன்று அது யாரையும் வருத்தவில்லை. தட்டைக் கழற்றுபவரும் கோப்பைத் திறப்பவரும் ஒரே அறையில் இருந்தார்கள்.

பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் தட்டு அந்த அறையைவிட்டு வெளியே போனது. சன் மைக்ரோசிஸ்டம்ஸ் 1980களின் நடுவில் கொண்டுவந்த என்எஃப்எஸ், வேறொரு கணினியின் டிஸ்கை நெட்வொர்க் வழியே நம் கோப்புறை மரத்தில் மாட்டிக்கொள்ள வழிசெய்தது. இதற்காக இயங்குதளத்தின் கருவான கெர்னலுக்குள் ஓர் இடையடுக்கு புகுந்தது. நிரல் ‘திற, படி, எழுது’ என்று கேட்கும். கேட்பது உள்ளூர் டிஸ்கிலா தொலைவிலா என்று பார்த்து அந்த அடுக்கு உரிய இடத்துக்குத் திருப்பிவிடும். லினக்ஸில் இன்று விஎஃப்எஸ் எனப்படும் அடுக்கும் இதே வேலையைத்தான் செய்கிறது. ஏற்கெனவே எழுதப்பட்ட நிரல்களில் ஒரு வரிகூட மாற்றாமல் அவற்றை நெட்வொர்க்கின் மேல் ஓடவைத்த இந்த யோசனையைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. கணினி வரலாற்றில் இவ்வளவு குறைந்த செலவில் இவ்வளவு பயன் தந்தவை அதிகமில்லை.

ஆனால் உள்ளூர் டிஸ்கிடம் ஒன்று கேட்டால் கிடைக்கக்கூடிய பதில்கள் இரண்டு: இதோ இருக்கிறது, அல்லது கெட்டுவிட்டது. நெட்வொர்க் பதிலே சொல்லாமல் இருந்துவிடலாம். சர்வர் செத்துவிட்டதா, சுணங்கிக் கிடக்கிறதா, நடுவில் கம்பி பிடுங்கிக்கொண்டதா என்று இந்தப் பக்கம் இருப்பவரால் பிரித்தறிய இயலாது. என்எஃப்எஸ் இதற்கு இரண்டு வழிகளை வைத்தது. ‘ஹார்ட்’ மவுண்ட் என்றால் பதில் வரும்வரை காத்திரு, எத்தனை மணி நேரமானாலும். ‘சாஃப்ட்’ மவுண்ட் என்றால் சிறிது நேரம் பார்த்துவிட்டுப் பிழை என்று சொல்லிவிடு. முதலாவதைத் தேர்ந்தால் நிரல்கள் கெர்னலுக்குள் அசைவற்று நின்றுவிடும். லினக்ஸில் இதை ‘டி’ நிலை என்பார்கள். நெடுங்காலம் ‘கில் -9’ என்ற கட்டாய நிறுத்தக் கட்டளை போட்டாலும் அவை சாகவில்லை. செயலி சும்மா இருக்கும்போதே சுமைக் கணக்கு ஏறிக்கொண்டே போகும். இப்படித் தொங்குபவற்றையாவது கொல்ல முடியும் என்ற வசதி லினக்ஸ் கெர்னலில் 2008இல்தான், 2.6.25 பதிப்பில், வந்தது. இரண்டாவதைத் தேர்ந்தால், டிஸ்க் இப்படியும் பேசும் என்று நினைத்தே பார்க்காத நிரல்களிடம் பிழை போய்ச் சேரும். அவை பாதி எழுதிய கோப்பை முழுதென்று எண்ணி நகர்ந்துவிடும். 1994இல் சன் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்திலேயே ஜிம் வால்டோவும் மூன்று சகாக்களும் பரவற் கணிப்பு (டிஸ்ட்ரிபியூட்டட் கம்ப்யூட்டிங்) பற்றி எழுதிய ஒரு குறிப்பில் இந்த ஹார்ட்–சாஃப்ட் தடுமாற்றத்தையே சான்றாக எடுத்துக்கொண்டார்கள். குறை என்எஃப்எஸ்ஸை எழுதியவர்களின் திறமையில் இல்லை, தொலைவில் இருப்பதற்கும் அருகில் இருப்பதற்கும் ஒரே முகப்பைப் போர்த்தியதில் இருக்கிறது என்பது அவர்கள் முடிவு. வீட்டுக்குள்ளிருந்தே வந்த விமர்சனம் என்பதால் அதற்கு எடை அதிகம்.

என்எஃப்எஸ்ஸின் மறுமுனையில் இருந்ததாவது ஓர் உண்மையான கோப்பு முறைமை. மேகம் என்று நாம் அழைக்கும் கிளவுடில் அதுவும் இல்லை. 2006 மார்ச்சில் அமேசான் தொடங்கிய எஸ்3 சேவையில் கோப்புறை என்று ஒன்று கிடையாது. நீளமான பெயர்களும் ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ஒரு தரவுப் பொட்டலமும் மட்டுமே. பெயருக்குள் வரும் சாய்கோட்டைப் பார்த்து நாம்தான் கோப்புறை என்று பாவித்துக்கொள்கிறோம். பொட்டலத்தின் நடுவில் ஒரு பைட்டை மாற்ற வேண்டுமானால் முழுப் பொட்டலத்தையும் புதிதாக வைக்க வேண்டும். இந்தப் பொட்டலங்களை வைக்கும் பொதுவான பக்கெட்டுகளில் பெயர் மாற்றம் என்ற செயலே இல்லை. புதுப் பெயரில் நகலெடுத்துப் பழையதை அழிப்பதுதான் வழி. பத்தாயிரம் படங்கள் உள்ள கோப்புறையின் பெயரில் விடுபட்ட ஒரு புள்ளியைச் சேர்க்க நினைத்தால், உள்ளூர் டிஸ்கில் ஒரு நொடிகூட ஆகாத வேலை, அங்கே பத்தாயிரம் நகல்களும் பத்தாயிரம் அழிப்புகளுமாக விரியும். 2012இல் வந்த கூகுள் டிரைவ் வேறொரு வகையில் முரண்டு பிடிக்கிறது. அதில் கோப்பின் அடையாளம் ஒரு நீண்ட குறியெண். பெயர் வெறும் ஒட்டுச்சீட்டு. ஆகவே ஒரே கோப்புறையில் ‘கணக்கு’ என்ற பெயரில் இரண்டு கோப்புகள் தாராளமாக இருக்கலாம். லினக்ஸ் பாதையில் அது நடக்கவே முடியாத காரியம். இரண்டில் எதைக் காட்டுவது? க்னோம் குழுவினர் 2015 செப்டம்பரில் 3.18 பதிப்பில் கூகுள் டிரைவைக் கோப்பு மேலாளரில் சேர்த்தபோது இந்தக் கேள்விக்கு அழகற்ற, ஆனால் நாணயமான விடை ஒன்றைத் தந்தார்கள். சாளரத்தில் பெயர் தெரியும்; அதே இடத்தை டெர்மினலில் போய்ப் பார்த்தால் பெயருக்குப் பதில் குறியெண்கள் வரிசையாக நிற்கும். பலர் இதைப் பிழை என்று திட்டினார்கள். நான் அதை ஒப்புதல் வாக்குமூலம் என்பேன்.

இவ்வளவு பொருத்தமற்ற ஒன்றைக் கோப்புறையாக்கிக் காட்டும் வேலையைச் செய்வது ஃபியூஸ் என்ற ஏற்பாடு. ஹங்கேரியைச் சேர்ந்த மிக்லோஸ் செரெடி எழுதிய இது 2005 அக்டோபரில் லினக்ஸ் 2.6.14 பதிப்பில் சேர்ந்தது. அதற்குமுன் புதிய கோப்பு முறைமை எழுத வேண்டுமானால் கெர்னலுக்குள் கைவைக்க வேண்டும். ஒரு பிழை முழுக் கணினியையும் கவிழ்த்துவிடும். ஃபியூஸ் வந்தபின், கெர்னல் தனக்கு வரும் கேள்விகளை ஒரு சாதாரண நிரலிடம் தள்ளிவிட்டு அது சொல்லும் பதிலைக் கேட்டவரிடம் ஒப்படைக்கிறது. உள்ளே நுழையாமல் வாசலிலேயே நின்று கடிதம் வாங்கிக் கொடுக்கும் ஆள்மாதிரி. இந்தச் சுதந்திரம் கிடைத்ததும் விளையாட்டுகள் தொடங்கின. ஃபியூஸ் கெர்னலில் சேரும் முன்பே, 2004இல், ஜிமெயில் அஞ்சல்பெட்டியை டிஸ்காக மாட்டும் ஜிமெயில்எஃப்எஸ் வந்துவிட்டது. இன்று இந்தத் துறையில் அதிகம் புழங்குவது நிக் கிரெய்க்-வுட் தொடங்கிய ஆர்குளோன். எழுபதுக்கும் மேற்பட்ட சேமிப்புச் சேவைகளைக் கோப்புறைகளாக மாட்டித் தரும். வாசலில் நிற்கும் ஆள் மயங்கி விழுந்தால் என்ன ஆகும் என்பதும் ஃபியூஸ் பயன்படுத்துபவர்களுக்குத் தெரியும்: கோப்புறை இருக்கும், திறக்காது, மறுமுனை இணைப்பில் இல்லை என்ற பொருளில் ஒரு செய்தி மட்டும் வரும். மவுண்டைக் கழற்றி மறுபடி மாட்டும்வரை அது அப்படியே கிடக்கும்.

ஒரு கோப்பைச் சேமிப்பதைக் கிட்டே போய்ப் பார்த்தால்தான் இந்தப் பொருத்தமின்மையின் விலை தெரியும். ஆவணம் ஒன்றில் ஒரு வரியைத் திருத்திவிட்டுச் சேமிக்கிறீர்கள். கவனமாக எழுதப்பட்ட எடிட்டர் பழைய கோப்பின் மேல் நேரடியாக எழுதாது. பக்கத்திலேயே தற்காலிகப் பெயரில் புதிய கோப்பு ஒன்றை உண்டாக்கி எழுதும். டிஸ்கில் உண்மையிலேயே இறங்கிவிட்டதா என்று உறுதிசெய்யும். பிறகு அதற்குப் பழைய பெயரைச் சூட்டும். உள்ளூரில் பெயர் மாற்றம் ஒரே வெட்டாக நடப்பதால், நடுவில் மின்சாரம் போனாலும் பழையது முழுதாக இருக்கும் அல்லது புதியது முழுதாக இருக்கும். இந்த நுட்பத்தின் ஒவ்வொரு படியும் கிளவுடில் ஆட்டங்காண்கிறது. தற்காலிகக் கோப்பும் பதிவேற்றமாகிறது. பெயர் மாற்றம் நகலெடுப்பாகவும் அழிப்பாகவும் பிளவுபடலாம். ‘இறங்கிவிட்டதா’ என்ற கேள்விக்கு எந்த இடத்தில் இறங்கியதை வைத்துப் பதில் சொல்வது? ஆர்குளோனில் கேஷ், அதாவது உள்ளூரில் ஒரு தற்காலிகப் பிரதி, வைத்துக்கொள்ளாமல் மாட்டினால், ஒரு கோப்பை ஒரே நேரத்தில் படிக்கவும் எழுதவும் திறக்க முடியாது, நடுவில் தாவிப்போய் எழுத முடியாது. பல நிரல்கள் அங்கேயே முறைத்துக்கொள்ளும். கேஷ் வைத்தால் கோப்பு முதலில் உள்ளூரில் இறங்கி, மூடியபின் வழக்கமாக ஐந்து நொடி கழித்துத்தான் மேலே போகத் தொடங்கும். எடிட்டர் ‘சேமித்தாயிற்று’ என்று சொன்ன கணத்தில் கிளவுடில் அந்த வரி இல்லை. லினக்ஸ் கையேட்டில் கோப்பை மூடும் அழைப்புக்கான பக்கம், அந்த அழைப்பு திருப்பித்தரும் விடையைப் பார்க்காமல் விட்டால் தரவு சத்தமில்லாமல் தொலையலாம் என்று எச்சரிக்கிறது. எத்தனை நிரலர்கள் அதைப் பார்க்கிறார்கள் என்பது அவரவர் மனசாட்சிக்குத் தெரியும்.

தானியங்கி என்ற சொல் நுழையும்போது இதெல்லாம் ஒரு சுற்றுப் பெரிதாகிறது. பூட் ஆகும்போது மாட்ட வேண்டியவற்றின் பட்டியல் எஃப்எஸ்டேப் என்ற கோப்பில் இருக்கிறது. அதில் கிளவுடுக்கு ஒரு வரி சேர்ப்பதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும் வழி. இன்றைய பெரும்பாலான லினக்ஸ் வெளியீடுகளில் அந்தப் பட்டியலைப் படித்து வேலை வாங்குவது சிஸ்டம்டி. அது ஒவ்வொரு வரியிலும் உள்ள கோப்பு முறைமையின் வகைப் பெயரைப் பார்த்து, இது நெட்வொர்க்கைச் சார்ந்ததா என்று ஊகிக்கிறது. தெரியாத வகை என்றால் உள்ளூர் டிஸ்க் என்றே எடுத்துக்கொள்ளும். ‘நெட்டெவ்’ என்ற குறிப்பை நாமாகச் சேர்த்தால்தான் நெட்வொர்க் எழும்வரை பொறுக்கும். சேர்க்க மறந்தால், வைஃபை கடவுச்சொல்லைக்கூட இன்னும் படித்திராத கணினி சிங்கப்பூர் டிஸ்கைத் தேடும். காணவில்லை என்றதும் முக்கியமான டிஸ்க் ஒன்று செத்துவிட்டதாக முடிவுகட்டி, அவசர நிலைக்குப் போய்க் கறுப்புத் திரையில் நிர்வாகியின் கடவுச்சொல்லைக் கேட்கும். சும்மா நின்றுவிடும் மவுண்டுகளுக்குப் பொதுவாக 90 நொடிக் கெடு. திரையில் நட்சத்திரக் குறிகள் இடமும் வலமும் ஓடிக்கொண்டிருக்கும் அந்த ஒன்றரை நிமிடம் லினக்ஸ்காரர்களுக்கு நன்றாகவே பழக்கம். விடுமுறைப் படங்கள் எங்கோ கிடைக்காததற்காகக் கணினியே எழ மறுப்பது அபத்தம். ஆனால் சிஸ்டம்டியைக் குறைசொல்லிப் பயனில்லை. இரண்டும் ஒன்றுதான் என்று அதனிடம் சொன்னது நாம்தான்.

இந்த அவதிக்கு மருந்தாகப் பரிந்துரைக்கப்படுவது ‘நோஃபெயில்’: மாட்ட முடியாவிட்டால் பரவாயில்லை, மேலே போ. கணினி இனிதே எழுகிறது. இந்த மருந்துக்குப் பக்கவிளைவு ஒன்று உண்டு. மவுண்ட் ஆகும் இடம், மாட்டுவதற்கு முன் வெறும் காலிக் கோப்புறை. மேகத்தை மாட்ட அடித்த ஆணி என்று வைத்துக்கொள்ளலாம். மேகம் வராத நாளிலும் ஆணி சுவரில் இருக்கிறது. இரவு 2 மணிக்கு ஓடும் பேக்கப் நிரல் வருகிறது, கோப்புறை இருக்கிறது, எழுத அனுமதியும் இருக்கிறது, எனவே எழுதுகிறது. எழுதியது போய் விழுந்தது கணினியின் சொந்த டிஸ்கில், அதுவும் பெரும்பாலும் இயங்குதளம் இருக்கும் பகுதியில். பேக்கப் வெற்றி என்று அறிக்கை வரும். சில நாளில் டிஸ்க் நிரம்பிக் கணினி திணறும். அதற்குள் யாராவது மவுண்டைச் சரிசெய்துவிட்டால் குழப்பம் இரட்டிப்பாகும்: மாட்டப்பட்ட மேகம் அடியிலிருப்பதை மூடிவிடும், அந்த ஜிகாபைட்டுகள் இடத்தை அடைத்துக்கொண்டே கண்ணுக்குத் தெரியாமல் கிடக்கும். எங்கும் ஒரு பிழைச்செய்தியும் வந்திருக்காது. பூட் ஆகாமல் நின்ற கணினி குறைந்தபட்சம் கத்தியது. இது சிரித்துக்கொண்டே கழுத்தறுக்கிறது. எழாத கணினியைவிட ஏமாற்றும் கணினி மோசம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

அப்படியானால் என்ன செய்வது? ஒரு நல்ல விடை கிளவுடுக்கு முன்பே இருந்தது. நூற்றுக்கணக்கான என்எஃப்எஸ் மவுண்டுகளைக் காலையிலேயே மாட்டிவைத்து, அவற்றில் ஒரு சர்வர் படுத்தாலும் எல்லாக் கணினிகளும் தொங்குவதைப் பார்த்துச் சலித்தவர்கள், 1980களின் இறுதியில் ‘ஆட்டோமவுண்டர்’ என்ற யோசனைக்கு வந்தார்கள். எதையும் முன்கூட்டியே மாட்டாதே. கோப்புறையின் பெயரை மட்டும் காட்டு. யாராவது உள்ளே கால்வைக்கும்போது அந்த ஆளை வாசலில் நிறுத்திவிட்டு, மாட்டிவிட்டு, உள்ளே விடு. சிறிது நேரம் யாரும் வராவிட்டால் கழற்றிவிடு. லினக்ஸ் கெர்னலில் இதற்கான ஆட்டோஎஃப்எஸ் வெகுகாலமாக உண்டு. 2010இல் சிஸ்டம்டியை அறிவித்தபோது லெனார்ட் பாட்டெரிங் இதையே கையிலெடுத்து, பூட் ஆவதை விரைவாக்கும் உத்தியாக முன்வைத்தார். இன்று எஃப்எஸ்டேப் வரியில் ‘எக்ஸ்-சிஸ்டம்டி.ஆட்டோமவுண்ட்’ என்ற குறிப்பும், ஓய்வுக் கெடுவுக்கான இன்னொரு குறிப்பும் சேர்த்தால் போதும். விரைவு எனக்கு இரண்டாம்பட்சம். ஆட்டோமவுண்டின் பெருமை, தோல்வியை அது உரிய ஆளிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பதில் இருக்கிறது. மேகம் வராவிட்டால் அந்தக் கோப்புறையைத் தொட்டவருக்குத்தான் பிழை போகும். மற்றவர்கள் வேலை நிற்காது. நள்ளிரவுப் பேக்கப் நிரலும் அடியில் உள்ள ஆணிமேல் எழுத முடியாது, ஏனென்றால் அங்கே காலிக் கோப்புறைக்குப் பதில் ஒரு காவலாள் நிற்கிறான். இப்படிச் செய்ய முடியாத இடங்களிலும் ஓர் எளிய தடுப்பு உண்டு: மவுண்ட் ஆகும் காலிக் கோப்புறையை, மாட்டுவதற்கு முன்பே, ‘சிஎச்ஏடிடிஆர்’ கட்டளையால் மாற்றமுடியாததாகப் பூட்டிவிடுவது. மேகம் வந்தால் அதன்மேல் தாராளமாக மாட்டலாம். வராவிட்டால் நிர்வாகிகூட அங்கே ஒரு பைட் எழுத முடியாது.

ஆட்டோமவுண்டும் குறையில்லாதது இல்லை. கதவைத் தட்டுவது மனிதர் மட்டும் இல்லையே. கோப்பு மேலாளர் ஒவ்வொரு படத்தையும் திறந்து சிறுபடம் செய்யும்; இரவில் கோப்புகளை அட்டவணையிடும் நிரல் கண்ணில் பட்ட கோப்புறைக்குள் எல்லாம் நுழையும். அவற்றுக்கு விலக்குப் பட்டியல் எழுதாவிட்டால் தேவைக்கு மட்டும் திறக்க வேண்டிய கதவு நாள் முழுக்கத் திறந்தே கிடக்கும். யாருடைய கதவு என்ற கேள்வியும் இருக்கிறது. கணினியின் டிஸ்க் கணினிக்குச் சொந்தம். கிளவுட் கணக்கு ஓர் ஆளுக்குச் சொந்தம். எஃப்எஸ்டேப் வழியே மாட்டினால் அது நிர்வாகியின் பெயரில், எல்லாருக்கும் பொதுவாக நடக்கும். பயனர் உள்நுழையும்போது அவர் பெயரில் ஆர்குளோனைச் சேவையாக ஓடவிடலாம். மாட்டி முடித்ததும் சிஸ்டம்டியிடம் ‘ஆயிற்று’ என்று சொல்லும் வசதியும் அதில் உண்டு. ஆனால் அங்கே ஆட்டோமவுண்ட் கிடைக்காது, அதற்கு நிர்வாகி அதிகாரம் வேண்டும். தனியாள் மடிக்கணினி என்றால் நான் பின்னதையே தேர்வேன். பலர் பகிரும் சர்வர் என்றால் முன்னதை. சாவி எங்கே என்பதும் தீர்ந்தபாடில்லை. ஆர்குளோனின் அமைப்புக் கோப்பில் கணக்கைத் திறக்கும் டோக்கன் இருக்கிறது. அதற்குக் கடவுச்சொல் போட்டுப் பூட்டலாம். பூட்டினால் ஒவ்வொரு முறையும் யாராவது தட்டச்சு செய்ய வேண்டும், தானியங்கி போய்விடும். தானாகத் திறக்க வேண்டுமானால் சாவி கணினியிலேயே எங்காவது இருந்தாக வேண்டும். டிஸ்க் முழுவதையும் குறியாக்கம் செய்யாத மடிக்கணினியில் இதைச் செய்பவர், கணினியைத் தொலைத்தால் கிளவுடையும் சேர்த்தே தொலைக்கிறார்.

மறுப்புகளுக்கு வருகிறேன். இணையம் இப்போது வேகமாகிவிட்டது, இந்தக் கவலைகள் 1990களுக்கு உரியவை என்பார்கள். அலைவரிசையின் அகலம் கூடியிருக்கிறது, உண்மை. காத்திருக்கும் நேரம் அந்த அளவுக்குக் குறையவில்லை, ஓர் எல்லைக்குக் கீழ் குறையவும் முடியாது. ஒளி இழையில் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகிறது. சென்னையிலிருந்து நேர்க்கோட்டில் சுமார் 2,900 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் சிங்கப்பூருக்கு ஒரு கேள்வி போய்ப் பதில் வர, நடுவில் எந்தக் கருவியும் தாமதிக்காவிட்டால்கூட 29 மில்லிநொடி ஆகும். நடைமுறையில் சர்வரின் வேலையும் சேர்ந்து ஒரு கேள்விக்கு 50 மில்லிநொடி என்று வைத்துக்கொண்டால், நல்ல எஸ்எஸ்டி டிஸ்க் தரும் 100 மைக்ரோநொடியோடு ஒப்பிட இது 500 மடங்கு. உள்ளூர்ப் பதிலை ஒரு நொடி என்று நீட்டிப் பார்த்தால் கிளவுடின் பதில் எட்டு நிமிடத்துக்கு மேல். ஆயிரம் கோப்புகளை ஒவ்வொன்றாக விசாரிக்கும் நிரல் ஒன்று 50 நொடி நிற்கும். எந்த நிறுவனத்தின் எந்தத் திட்டத்துக்குச் சந்தா கட்டினாலும் ஒளி அதைவிட வேகமாகப் போகாது.

இதைவிடக் கனமான மறுப்பு, கேஷ் எல்லாவற்றையும் தீர்த்துவிடும் என்பது. இதை ஆழமாக யோசித்தவர்களில் முதன்மையானவர் மகாதேவ் சத்தியநாராயணன். சென்னை ஐஐடியில் படித்து கார்னகி மெலன் பல்கலைக்கழகம் போனவர்; அங்கே 1980களில் ஆண்ட்ரூ கோப்பு முறைமையை உருவாக்கியவர்களில் ஒருவர்; 1987 முதல் கோடா என்ற முறைமையை வளர்த்தவர். இணைப்பு அறுவதை விபத்தாகக் கருதாமல் வழக்கமான நிலைகளில் ஒன்றாகவே எடுத்துக்கொண்டது கோடா. இணைப்பு இருக்கும்போது தேவைப்படக்கூடிய கோப்புகளைச் சேர்த்துவைக்கும். அறுந்ததும் சேர்த்ததை வைத்துச் சமாளிக்கும். மீண்டதும் மாற்றங்களைச் சர்வரோடு இணைக்கும். இரண்டு பேர் ஒரே கோப்பைத் தனித்தனியே மாற்றிவிட்டால்? அது அரிது என்பதற்கு அவர்கள் அளவெடுத்தே சான்று தந்தார்கள்: தங்கள் பல்கலைக்கழகத்தில் நடந்த மாற்றங்களில் 99 சதவீதத்துக்கு மேல், அந்தக் கோப்பை அதற்கு முன் மாற்றிய அதே நபர் செய்தவை. வலுவான எண்தான். ஆனால் அது ஆள்களை எண்ணியது. இன்று ஓர் ஆளுக்கே அலுவலகக் கணினி, வீட்டு மடிக்கணினி, கைபேசி என்று மூன்று கேஷ்கள். தன்னோடு தானே மோதிக்கொள்ளும் வசதி எல்லோருக்கும் வாய்த்திருக்கிறது. எண்ணைவிட முக்கியமானது கோடாவின் போக்கு. மோதல் வந்தால் அது மறைக்கவில்லை. இந்தக் கோப்பில் தகராறு இருக்கிறது என்று காட்டி, பயனரிடம் தீர்ப்பை விட்டது. ஆகவே கேஷ் என் வாதத்தை முறியடிப்பதில்லை. நல்ல கேஷ் எதுவோ அது தன் எல்லையைத் தானே சொல்கிறது.

மவுண்டே வேண்டாம், டிராப்பாக்ஸ் செய்வதுபோல் எல்லாவற்றையும் உள்ளூரில் ஒரு பிரதி வைத்து ஒத்திசைத்துவிடலாம் என்பவர்களும் உண்டு. சில நூறு மெகாபைட் ஆவணங்களுக்கு அவர்கள் சொல்வதுதான் சரி. தயங்காமல் அதைச் செய்யலாம். 256 ஜிபி டிஸ்கில் 2 டிபி கிளவுடுக்குப் பிரதி வைக்க முடியாது என்பது ஒருபுறம் இருக்க, ஒத்திசைவில் தவறுதலாக அழித்ததும் விசுவாசமாக எல்லாக் கணினிகளிலும் அழியும். பெரிய காப்பகங்களைப் படிக்க மவுண்ட், அன்றாடம் எழுதுவதற்கு ஒத்திசைவு என்று வேலையைப் பிரித்துக்கொள்வதில் தவறில்லை. இந்தப் பிரிவினையைத் தொழில்துறையும் மெல்ல ஏற்றுக்கொண்டிருக்கிறது. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் படித்த ஆனந்த் பாபு பெரியசாமி முதலில் உருவாக்கியது குளஸ்டர்எஃப்எஸ். பல சர்வர்களை ஃபியூஸ் வழியே ஒரே கோப்புறையாக மாட்டித் தருவது. அதன் நிறுவனத்தை 2011இல் ரெட் ஹேட் வாங்கியது. அதன்பின் அவர் மற்றவர்களோடு சேர்ந்து தொடங்கிய மினியோ, கோப்புறை வேடம் போடாமல் பொட்டலங்களாகவே தரவை வைக்கும் சேமிப்பகம். அமேசானே 2023இல் எஸ்3க்கான தன் சொந்த மவுண்ட் நிரலை வெளியிட்டபோது, ஒரு கோப்பு முறைமை செய்யும் எல்லாவற்றையும் செய்வதாக அது நடிக்கவில்லை. பெரிய கோப்புகளை வேகமாகப் படிக்கும், புதிய கோப்பை வரிசையாக எழுதும்; இருக்கும் கோப்பின் நடுவில் திருத்தச் சொன்னால் முடியாது என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடும். சாதாரணப் பயனருக்கு இந்த நுணுக்கமெல்லாம் எதற்கு, அவருக்குத் தெரியாமல் இயங்குவதுதானே நல்ல தொழில்நுட்பம் என்று கேட்டால், மின்விசிறிக்கு அது பொருந்தும் என்பேன். மின்சாரம் போனால் விசிறி நின்றுவிடுகிறது, யாருக்கும் விளக்கம் தேவையில்லை. நின்றபின்பும் சுற்றுவதுபோல் தெரியும் விசிறியை யாரும் வீட்டில் மாட்ட மாட்டார்கள்.

உங்கள் கணினியில் ஏற்கெனவே ஒரு கிளவுட் தானாக மாட்டிக்கொண்டிருந்தால் பத்து நிமிடம் ஒதுக்கிச் சோதித்துப் பாருங்கள். வைஃபையை அணையுங்கள். அந்தக் கோப்புறையில் ஒரு கோப்பைத் திறந்து ஒரு வரி சேர்த்துச் சேமியுங்கள். எத்தனை நொடியில், என்ன சொல்கிறது என்று பாருங்கள். அணைத்தபடியே கணினியை மறுபடி பூட் செய்யுங்கள். எழுந்ததும் டெர்மினலில் ‘மவுண்ட்பாயின்ட்’ என்ற கட்டளைக்கு அந்தக் கோப்புறையின் பாதையைக் கொடுத்து, அங்கே உண்மையிலேயே ஏதாவது மாட்டியிருக்கிறதா என்று கேளுங்கள். பிறகு அதே இடத்தில் வெற்றுக் கோப்பு ஒன்றை உண்டாக்கிப் பாருங்கள். எதுவும் மாட்டப்படாத இடத்தில் அந்தக் கோப்பு உண்டாகிவிட்டால், இன்று இரவுப் பேக்கப் ஓடுவதற்குள் அந்தக் கோப்புறையைப் பூட்டிவிடுங்கள்.